சாயம் ஏறாத நீலம்

சாயம் தோய்க்காமல் நூலுக்கு வர்ணம் வருமா என்று நம் நெசவாளரைக் கேட்டால் நகைப்பார். பூச்சியினங்களுள் சில அவ்விதமே வர்ணம் பெற்றுள்ளன.

தென் அமெரிக்கக் காடுகளில் மார்ஃபோ என்னும் வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் சிறகு கண்ணைப் பறிக்கும் நீலம். ஆயினும் அதில் நீலச்சாயம் சிறிதும் இல்லை. சிறகைப் போர்த்திருக்கும் செதில்களின்மேல் நுண்ணிய வரப்புகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வரப்பிலும் கைட்டின் என்ற பொருளாலான தட்டுகள், இடையிடையே காற்று நிற்க, அடுக்கடுக்காக அமைந்துள்ளன. வெயிலில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன அல்லவா? இத்தட்டுகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளில் நீலம் மட்டும் ஒன்றோடொன்று இசைந்து வலுப்பெறுகிறது. சிறகில் ஒரு துளி ஸ்பிரிட் விட்டால், காற்று நின்ற இடத்தை அது நிரப்பிக்கொள்ள, நீலம் பச்சையாகிவிடும். உலர்ந்ததும் மீண்டும் நீலமாகும். சாயமாயின் இவ்வாறு மாறி மீளுமோ?

நாம் நெய்யும் மயில்கழுத்துச் சேலையும் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறுமே என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். அது பாவுக்கு ஒரு சாயமும் ஊடைக்கு வேறொரு சாயமும் இட்டுப் பெறுவது. மெய்யான மயிலின் கழுத்திலோ நுண்ணமைப்பே வேலை செய்கிறது. பொன்வண்டின் பச்சையும் இவ்வகையதே. 1888-ஆம் ஆண்டு லண்டன் நாடக மேடையில் எல்லன் டெர்ரி என்ற நடிகை அணிந்த உடையில் தைத்த வண்டுச் சிறகுகள் இன்றும் மின்னுகின்றன.

ஜப்பானின் டெய்ஜின் கம்பெனியார் மார்ஃபோவைப் பின்பற்றி 'மார்ஃபோடெக்ஸ்' என்ற இழையைச் செய்தனர். பாலியெஸ்டரும் நைலானும் மாறிமாறி 61 அடுக்குகள். ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால், ஓர் அடுக்கின் கனம் அதில் ஒரு கூறுக்கு மிகாது. அக்கனத்தை மாற்றினால் நிறமும் மாறும். சாயத்தொட்டியும் இல்லை, சாயக் கழிவுநீரும் இல்லை. நொய்யலாற்றுப் பாசன விவசாயிகள் பட்ட பாட்டையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அறிந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

எனினும், அவ்விழையின் உற்பத்தி பிற்பாடு நின்றுபோயிற்று. பருத்திக்கு அம்முறை பொருந்தவும் பொருந்தாது. உருக்கி இழுக்கும்போதே அடுக்குகள் அமையவேண்டும். பருத்தியோ செடியிலேயே இழையாகி வருவது. அதற்கு மாறாக, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுருண்டைகளை நெய்த துணியின்மேல் ஒழுங்காக அடுக்கிப் படியவைத்து நிறம் பெறும் முறையை ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகின்றனர். நிறம் வந்துவிட்டது, துவைப்பிலும் உராய்விலும் அப்படிவு உதிராமல் நிற்கச் செய்வதுதான் அங்குள்ள சிக்கல்.