ஹோண்டாவின் நீள்வட்டப் பிடிவாதம்

ஆகஸ்ட் 12, 1979. பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தளம். 1967க்குப் பிறகு உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலிருந்து ஒதுங்கியிருந்த ஹோண்டா, என்.ஆர்.500 என்ற வண்டியுடன் திரும்பி வந்த நாள். அன்றைய விதிப்படி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடித்தான் கிளப்ப வேண்டும். லேசில் உயிர் பெறாத எஞ்சின் அது. ஒருவழியாகக் கிளப்பிய மிக் கிராண்ட், தன் வண்டி கக்கிய எண்ணெயிலேயே முதல் வளைவில் வழுக்கி விழுந்தார். இன்னொரு வண்டியை ஓட்டிய ஜப்பானிய வீரர் கதயாமாவும் சில சுற்றுகளிலேயே விலகினார். அடுத்து பிரெஞ்சுப் பந்தயத்தில் தகுதி பெறவே முடியவில்லை.

கோளாறு திறமைக் குறைவால் அல்ல, பிடிவாதத்தால். 500 சிசி பிரிவில் யமஹாவும் சுசுகியும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களால் கொடிகட்டிப் பறந்த காலம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பேர் வாங்கிய ஹோண்டா, அதிலேயே ஜெயித்துக் காட்டப் புறப்பட்டது. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரிபொருள் வெடிக்கும். மற்றதில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஈடுகட்ட ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் சுழல வேண்டும். அதற்கு எட்டு சிலிண்டர் இருந்தால் நல்லது. விதியோ நான்குக்கு மேல் அனுமதிக்கவில்லை.

விடை விசித்திரமானது. இரண்டு பிஸ்டன்களை ஒட்டவைத்ததுபோல நீள்வட்ட பிஸ்டன். ஒவ்வொன்றுக்கும் எட்டு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக், இரண்டு கனெக்டிங் ராடு. மொத்தம் 32 வால்வுகள். நிமிடத்துக்கு 19,000 சுற்றுகளைத் தொட்டது. ஆனால் வட்டமில்லாத பிஸ்டனுக்கு வாயு கசியாத ரிங் செய்வது பெரும்பாடு. போதாததற்கு, எஞ்சினைப் போர்த்திய அலுமினிய ஓட்டையே சட்டமாக்கினார்கள். 'இறால் ஓடு' என்று பெயர். அதற்குள்ளிருக்கும் எஞ்சினைத் தொட வண்டியையே பிரிக்க வேண்டும். (அடுத்த ஆண்டே வழக்கமான சட்டத்துக்குத் திரும்பினார்கள்.)

1981ல் சுசூகா 200 கி.மீ. பந்தயத்தில் கியாமா இதில் வென்றார். அதே ஆண்டு சில்வர்ஸ்டோனில் இளைஞர் ஃப்ரெடி ஸ்பென்சர் ஐந்தாம் இடம்வரை முன்னேறினார், எஞ்சின் கைவிட்டது. உலகப் போட்டியில் என்.ஆர்.500 ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

1982ல் ஹோண்டா இறங்கி வந்தது. மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கான என்.எஸ்.500ல் ஸ்பென்சர் அந்த ஆண்டே பெல்ஜியத்தில் வென்றார். 1983ல் உலகப் பட்டமும் வந்தது. நீள்வட்ட பிஸ்டனை மட்டும் நிறுவனம் மறக்கவில்லை. 1992ல் அதே பிஸ்டனோடு 750 சிசி சாலை வண்டி விற்பனைக்கு வந்தது, ஏறத்தாழ 300 மட்டும். என்.ஆர்.500 குழுவில் இருந்த பொறியாளர் தகேயோ ஃபுகுய், 2003ல் ஹோண்டாவின் தலைவரானார்.