கேழ்வரகின் செந்நிறம் குறையல்ல, காவல்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், செம்மேட்டை ஒட்டிய வாழவந்தி நாட்டிலும் கேழ்வரகு விளைகிறது. மலைச் சரக்கின் மூட்டையைப் பிரித்ததும் நாம் பார்ப்பது நிறத்தைத்தான். அடர்ந்த செந்நிறமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கிறோம். இது சரியா?

கேழ்வரகின் பெரிய எதிரி குலை நோய். இதை உண்டாக்கும் பூஞ்சாணம் இலை, கதிரின் கழுத்து, விரல் என எதையும் விடாது. கழுத்தைத் தாக்கினால் மணி பதராகும். எதிர்ப்புத் திறனுள்ள பயிர், கிருமி நுழைந்ததை உணர்ந்ததும் அந்த இடத்துச் செல்களைத் தானே சாகடித்து, அது மேலே பரவாமல் வழியை அடைக்கிறது. கூடவே பீனால், டானின் போன்ற துவர்ப்புப் பொருள்களையும் திரட்டுகிறது. மணியின் தோலுக்குச் செந்நிறம் தருபவையும் இவ்வகைப் பொருள்களே. வெள்ளைக் கேழ்வரகில் இவை குறைவு. ஆகவே அது பொதுவாகக் குலை நோய்க்கும் பூசணத்துக்கும் எளிதில் ஆளாகிறது.

மழையில் நனைந்து கறுத்த சரக்கு வேறு. அதில் மக்கிய வாடை அடிக்கும். அதை ஒதுக்குவதே முறை. ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் நல்ல சரக்கும் கெடும். மூட்டைகளைத் தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்குவோம்.

கொல்லிமலையில் சிறுதானியம் விளைந்த நிலம் பலவற்றை மரவள்ளி பிடித்துக்கொண்டது. சேகோ ஆலைகள் தரும் காசே காரணம். செந்நிறத்துக்காக நாமும் விலையைக் குறைத்தால் மிச்சமுள்ள கேழ்வரகையும் விதைக்க ஆளிருக்காது. கொள்முதலில் நிறத்தைப் பார்க்குமுன் வாடையையும் ஈரத்தையும் பார்ப்போம்.