உடலின் அளவும் உடலின் தகுதியும்

பசறைப் பக்கத்திலோ அப்புத்தளைச் சரிவிலோ காலை வேளையில் கொழுந்தெடுக்க மலையேறும் பெண்களை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அவர்களிற் பலர் உருவத்திற் சிறியவர். ஆயினும் நகரத்திலிருந்து வந்த நெடிய வாலிபன் ஒருவன் அவர்கள் பின்னே ஏறத் தொடங்கினால், பாதி வழியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவான். இதனை நாம் அறிவோம். அறிந்திருந்தும், விளையாட்டுக் குழுவுக்கு ஆள் தேர்கையில் நம் கண் முதலில் உயரத்தின் மேலேயே செல்கிறது. அது எவ்வளவு தூரம் சரி என்பதைக் கைப்பந்தாட்டத்தைக் கொண்டு ஆராய்வோம்.

கைப்பந்து என்றதும் தமிழகத்து நேயர்கள் நாம் கரப்பந்து என்று வழங்குவதை எண்ணிக்கொள்வர். இங்கே குறிப்பது, 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுமுள்ள களத்தில் பக்கத்துக்கு எழுவராய் நின்று, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்.

இவ்வாட்டத்தில் பெரிய உடலுக்குப் பயனுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நீண்ட கை பந்தை விரைவாக வீசும். உயர்ந்தவன் தடுப்போரின் தலைக்கு மேலாக எறிவான். கனத்தவனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் வலைப்பந்தாட்டத்தில் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்க, இங்கே கோல் கம்பத்தின் உயரம் 2 மீற்றரே. ஓரங்களிலிருந்து பாய்ந்து எறியும் ஆட்டக்காரர் பெரும்பாலும் சிறிய உருவினராய் இருப்பது வியப்பன்று.

இதற்கு இயற்கையிலேயே ஒரு கணக்குண்டு. ஓர் உடலை எல்லாப் பக்கமும் இருமடங்காகப் பெருக்கினால், தசையின் குறுக்குப் பரப்பும் அதனால் வலிமையும் நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். பெரியவன் மொத்தத்தில் அதிக ஒட்சிசனை உட்கொள்வான். அதை அவன் எடைக்குப் பங்கிட்டால், ஒரு கிலோவுக்கு வருவது சிறியவனுக்கு வருவதினும் குறைவாகவே இருத்தல் கூடும். முப்பது நிமிடங்கள் வீதம் இருமுறை ஓயாது ஓடித் திரும்பவேண்டிய ஆட்டத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் உடற்பருமன் சுட்டெண்ணும் இங்கே முழுத் துணையாகாது. 180 சென்ரிமீற்றர் உயரமும் 85 கிலோ எடையும் உள்ளவனுக்கு அது 26 அளவில் வரும். அந்த எடை தசையா கொழுப்பா என்பதை அந்த எண் சொல்லாது.

மலைநாட்டுக்கு மிக நெருங்கிய செய்தி வேறொன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடையே நடத்தப்பெற்ற ஆய்வுகள் 1977 இலும் 1979 இலும் வெளிவந்தன. இரத்தத்தில் ஈமோகுளோபின் குறைந்தவர்கள் ஓடுபொறியில் விரைவிற் களைத்தனர். இரும்புச் சத்து கொடுத்தபின், சோகையுற்றிருந்தோர் பறித்த கொழுந்தின் அளவு கூடியது. அவர்களின் உயரம் மாறவில்லை, மாறியது இரத்தம்.

அதனாற் குட்டையான உடலே போதும் என்று பாராட்டிவிட்டு அமைதியடைதல் தகாது. 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 விழுக்காடு. தோட்டப் பகுதியில் ஏறத்தாழ 32 விழுக்காடு. இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் குலத்தின் மேற் போடுவது எளிது. தாயின் உணவும் குழந்தையின் முதலிரண்டு ஆண்டுகளும் அதிற் பெரும் பங்கு கொள்வதை மருத்துவம் காட்டியிருக்கிறது. தேர்வாளர் உயரம் பார்த்து ஒதுக்கும் பிள்ளை, முன்பே ஒருமுறை ஒதுக்கப்பட்ட பிள்ளையாய் இருத்தல் கூடும்.

பதுளைப் பகுதிப் பாடசாலைகளில் ஆள் தேரும் ஆசிரியர்கள், அளவுநாடாவை எடுக்குமுன் 20 மீற்றர் ஓட்டச் சோதனையை நடத்திப் பார்க்கலாம். இரண்டு கோடுகளுக்கிடையே, வரவர விரைந்து ஒலிக்கும் ஓசைக்கு ஈடுகொடுத்து ஓடித் திரும்பவேண்டும், இயலாதபோது நிறுத்தவேண்டும். சரிவான தோட்டங்களில் முழுக் களத்துக்கு வேண்டிய சமநிலம் கிடைத்தல் அரிது. இருபது மீற்றர் கிடைக்கும்.