பச்சிளங் குழந்தையும் உலகக் கூட்டமைப்பும்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் பேருந்தில் சென்றவர்களுக்குத் தெரியும்: 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் காற்றின் குணமே மாறிவிடும். கீழே வியர்த்தவர் மேலே துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்வார். மார்கழி இரவு ஒன்றில் அங்கே ஒரு குழந்தை பிறப்பதாக வைத்துக்கொள்வோம். எடை 3 கிலோ. வாயில் ஓயாமல் நுரை தள்ளுகிறது. பால் கொடுத்தால் புரையேறி உடல் நீலம் பாரிக்கிறது. உணவுக்குழல் நடுவில் அடைபட்டு, அதன் கீழ்ப்பகுதி மூச்சுக்குழலோடு இணைந்த நிலையில் பிறந்துவிட்டது. ஏறத்தாழ 3000 முதல் 4000 பிறப்புகளில் ஒன்று இவ்வாறு நேர்கிறது. அமெரிக்க மருத்துவர் கேமரான் ஹேய்ட் 1941-இல் இக்குறையை ஒரே அறுவையில் சீராக்கி, குழந்தையைப் பிழைக்க வைத்தார்.

இக்குழந்தைக்கும் உலகச் சங்கமொன்றின் தலைவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அதற்குமுன் சிறிது இயற்பியல் பார்ப்போம்.

பெரிய பானையிலுள்ள சோறு நெடுநேரம் சூடாக இருக்கும். கிண்ணத்தில் எடுத்து வைத்தது சீக்கிரம் ஆறிவிடும். பொருள் சிறுக்கச் சிறுக்க, அதன் எடையை நோக்க மேற்பரப்பு மிகுகிறது. 3 கிலோ குழந்தையின் தோற்பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். 60 கிலோ பெரியவருக்குச் சுமார் 1.65 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிலோவுக்கும் குழந்தைக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு பரப்பு! வெப்பம் அந்த வழியே வெளியேறுகிறது. நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு மிகக் குறைவு.

மூச்சுக்குழலுக்கு வருவோம். சீராகப் பாயும் காற்றுக்குக் குழலின் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழல், சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் விட்டம் 6 ஆகும். தடை மூன்று மடங்காகும். அதே வீக்கம் 4 மில்லிமீட்டர் குழலில் ஏற்பட்டால் விட்டம் 2 ஆகும். தடையோ 16 மடங்கு! இரத்தக் கணக்கும் இப்படித்தான். அக்குழந்தையின் உடலில் இருப்பதே சுமார் 240 மில்லிலிட்டர்; ஐந்து தேக்கரண்டி இழந்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று.

எனவே குழந்தையைச் சுருக்கப்பட்ட பெரியவராக எண்ணி அறுவை செய்ய இயலாது. இதற்கெனத் தனிப் பயிற்சி வேண்டும். இந்தியக் குழந்தை அறுவை மருத்துவர் சங்கம் 1965-இல் தோன்றியது. பல நாட்டுச் சங்கங்களை இணைக்கும் உலகக் கூட்டமைப்பு 1974-இல் உருவாயிற்று. நான் மேலே கணக்கிட்டுக் காட்டிய கருத்தையே, குழந்தைகளின் உரிமையாக, 2001-இல் ஜப்பானின் கியோட்டோவில் இக்கூட்டமைப்பு அறிக்கையிட்டது. அதன் மூன்றாம் உலக மாநாடு 2010-இல் புதுதில்லியில் நடந்தது. அவ்வாண்டு தலைமையேற்று 2013 வரை பொறுப்பிலிருந்தவர், தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பேராசிரியர் தேவேந்திர குப்தா.

தலைவர் பதவி என்றால் மாலையும் மேடையும்தானே என்று நானும் எண்ணியதுண்டு. உண்மையில் இத்தலைவருக்கு எந்த நாட்டு மருத்துவமனைக்கும் ஆணையிடும் அதிகாரம் கிடையாது. ஒருவர் கற்றதை மற்றவரிடம் சேர்ப்பிக்கலாம், இளம் மருத்துவர்களின் பயிற்சிக்கு வழி தேடலாம், அரசுகளிடம் வலியுறுத்தலாம். அவ்வளவுதான். ஆனால் அது எவ்வளவு தேவை என்பதற்கு 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சான்று. 74 நாடுகளில் 264 மருத்துவமனைகள் பங்கேற்றன. உணவுக்குழல் அடைப்பு உள்ளிட்ட ஏழு பிறவிக் குறைகளோடு வந்த குழந்தைகளில் இறந்தோர், செல்வ நாடுகளில் நூற்றுக்கு 5.6, நடுத்தர வருவாய் நாடுகளில் 20.4, ஏழை நாடுகளில் 39.8. குறை ஒன்றே, பிறந்த இடம்தான் வேறு.

இந்த வேறுபாடு அறுவை மேசையில் மட்டும் உண்டாவதன்று. நோய்த்தொற்று முற்றிய நிலையில் வந்துசேரும் குழந்தை பிழைப்பது அரிது. சிறுமலைக் குழந்தை முதலில் திண்டுக்கல் இறங்கவேண்டும். குழந்தை அறுவை மருத்துவரைத் தேடி மதுரை செல்வதானால் இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல். உடன் செல்பவர்கள் வாய்வழியே எதுவும் புகட்டாமல், தலைக்குத் துணித்தொப்பி அணிவித்து, தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்க, தாயின் அல்லது தந்தையின் வெறும் மார்போடு சேர்த்துப் போர்த்திக் கொண்டுபோக வேண்டும். செவிலியர் இருப்பின் சேரும் எச்சிலை மெல்லிய குழாயால் உறிஞ்சிக்கொண்டே வருவார்.