கட்டடத் தொழிலாளியின் கடைசி அரண்

சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கடல்வாயின் குறுக்கே கோல்டன் கேட் பாலத்தை எழுப்பும் வேலை 1933-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தொடங்கியபோது, அமெரிக்கக் கட்டட உலகில் முதலாளிகளும் மேஸ்திரிகளும் சர்வ சாதாரணமாக ஒப்புக்கொண்டிருந்த ஒரு கணக்கு வழக்கில் இருந்தது. செலவாகும் ஒவ்வொரு பத்து லட்சம் டாலருக்கும் ஒரு தொழிலாளி உயிரை விடுவான் என்பதே அந்தக் கணக்கு. மூன்றரைக் கோடி டாலர் மதிப்பிட்ட அந்தப் பாலத்துக்கு 35 உயிர்கள் போகும் என்று எதிர்பார்த்து, அதற்காக எவரும் தூக்கம் கெடாமல் இருந்த காலம் அது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அந்தக் கணக்கை ஏற்க மறுத்து, வேலைத்தலத்தில் கெட்டித் தொப்பியும் இடுப்பில் பாதுகாப்புக் கயிறும் கட்டாயம் என்றும், மீறுவோருக்கு வேலை இல்லை என்றும் உத்தரவிட்டார். அதோடு நில்லாமல், சுமார் 1,30,000 டாலர் செலவில் பாலத்தின் அடியில் பெரிய வலை ஒன்றையும் விரித்தார்.

அந்தத் தொப்பிக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலக யுத்தத்திலிருந்து வீடு திரும்பிய எட்வர்ட் புல்லார்ட் என்பவர், போர்முனையில் சிப்பாய்கள் அணிந்த இரும்புத் தொப்பியை மனத்தில் கொண்டு, கான்வாஸ் துணியை நீராவியில் பதப்படுத்தி, பசையும் கறுப்பு வர்ணமும் பூசி, சுரங்கத் தொழிலாளிகளுக்காக 1919-இல் ஆக்கியது அது. யுத்தத்தில் மனிதனைக் காக்கப் பிறந்த கவசம் ஜீவனத்துக்காக உழைப்பவனையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குப் புதியது.

வலையில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். ஆனால் 1937 பிப்ரவரி 17-ஆம் தேதி, ஆட்களோடு கனத்த சாரம் ஒன்று பெயர்ந்து வலையின்மேல் விழ, வலை அந்தப் பாரம் தாங்காமல் கிழிந்து, கடலில் விழுந்த பன்னிருவரில் பத்துப் பேர் மாண்டார்கள். அதற்கு முன் இறந்த ஒருவரையும் சேர்த்து, பாலம் முடிவதற்குள் போன உயிர்கள் 11.

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைக்கவசம், பெல்ட், முகமூடி, கையுறை, பூட்ஸ் என்று தொழிலாளியின் சரீரத்தில் அணிவிக்கும் சாதனங்களைப் பற்றிப் பேசும்போது, அவைதான் பாதுகாப்பின் தொடக்கமும் முடிவும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தொழிற்பாதுகாப்பு சாஸ்திரம் வகுத்திருக்கும் வரிசையோ வேறு. அபாயத்தையே அகற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அபாயத்துக்கும் ஆளுக்கும் நடுவே தடுப்போ, வலையோ, கைப்பிடியோ அமைக்க வேண்டும். வேலை செய்யும் முறையைத் திருத்த வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் மிஞ்சி நிற்கும் அபாயத்துக்குத்தான் உடலில் அணியும் கவசம். வலை தொழிலாளியிடம் எதையும் கேட்பதில்லை; அவன் மறந்தாலும், களைத்தாலும், கால் இடறினாலும் அது தன் வேலையைச் செய்யும். அணியும் கவசமோ, அவன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணியும் சரியாக அணிந்தால்தான் பயன் தரும். அது தவறினால் அதற்குப் பின்னால் வேறொன்றும் கிடையாது.

நம் ஊர்க் கட்டடங்களில் மஞ்சள் நிறத்தில் தென்படும் ஹெல்மெட் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெளியே வழவழப்பான பிளாஸ்டிக் ஓடு. உள்ளே நாடாக்களால் அமைந்த தொட்டில். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்குக் குறையாத வெற்றிடம். தலையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த வெற்றிடந்தான். மேலே விழும் அடியின் வேகத்தை ஓடு பரப்பிக் கொடுக்க, நாடாக்கள் இழுபட்டு அதை உள்வாங்கிக்கொள்ள, மண்டையோட்டையும் கழுத்தையும் வந்தடைவது மிச்சந்தான். ஆகவே அந்த இடைவெளியில் கைக்குட்டையையோ பீடிக்கட்டையோ செருகி வைப்பவர், தம்மை அறியாமலே கவசத்தின் உயிரை எடுத்துவிடுகிறார். ஒரு முறை பலமான அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடியும் பயன்படுத்தத் தகாதது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்து வெளிறிய ஹெல்மெட்டும் அப்படியே. பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். முகவாய்ப் பட்டையை மாட்டாவிட்டால், ஆள் விழும்போது தலைக்கு முன்னால் தொப்பி கழன்று போய்விடும்.

அதன் சக்திக்கும் எல்லை உண்டு. ஐரோப்பிய தரவிதி, 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டு ஹெல்மெட்டைச் சோதிக்கிறது. மூன்று கிலோ எடையுள்ள ஒரு செங்கல், மூன்று மாடி உயரமான பத்து மீட்டரிலிருந்து நழுவினால், அது கொண்டுவரும் தாக்குதல் அந்தச் சோதனையைப்போல் ஆறு மடங்கு. சாரத்தின் விளிம்பில் செங்கல் உருளாதபடி தடுப்புப் பலகை அடிக்காமல், கீழே நடப்பவன் தலையில் ஹெல்மெட்டை மட்டும் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது எவ்வளவு பெரிய அசட்டை என்பது இதிலிருந்தே விளங்கும்.

தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் கலவைச் சட்டியைத் தூக்கி ஏணியேறும் சித்தாள் பெண்களின் நிலைமை இன்னும் பரிதாபமானது. ஹெல்மெட்டும் சும்மாடும் ஒரே தலையில் பொருந்தா. ஆகையால் அவர்களுக்குக் கவசமே இல்லாமல் போகிறது. இதற்குப் பரிகாரம், கப்பியோ சிறு லிஃப்டோ வைத்துக் கலவையை மேலே ஏற்றி, தலைச்சுமையையே ஒழிப்பதுதான்.

உயரத்தில் வேலை செய்பவருக்கு ஹெல்மெட்டைக் காட்டிலும் முக்கியமானது பெல்ட். இரண்டு மீட்டர் விழுவதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் உடல் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தை அடைந்துவிடுகிறது. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பட்டை, அந்த வேகத்தை ஒரே உலுக்கில் நிறுத்தும்போது முதுகெலும்பையும் குடலையும் சிதைத்துவிடக் கூடும் என்பதால், விழுபவரைத் தாங்குவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா 1998 முதல் விலக்கிவிட்டது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிவரும் முழுவுடல் பெல்ட்டே இன்று ஏற்கத்தக்கது.

ஆனால் பெல்ட்டை அணிவது பாதி வேலை. அதன் ஹூக்கை எதில் மாட்டுவது என்பதே மறுபாதி. ஓர் ஆளைத் தாங்கும் பிடிமானம் 5,000 பவுண்டு, அதாவது இரண்டேகால் டன்னுக்குக் குறையாத இழுவையைப் பொறுக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. கயிற்றால் கட்டிய சவுக்குக் கம்பில் ஹூக்கை மாட்டினால், விழும்போது கம்பும் கூடவே வரும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாதது. இரண்டு மீட்டர்க் கயிறு முழுவதும் நீண்டு, அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரிந்து, ஆளின் உயரமும் சேர்ந்தால், பிடிமானத்துக்குக் கீழே சுமார் ஆறு மீட்டர் வெற்றிடம் வேண்டும். முதல் மாடித் தளத்தில் நின்று காலடியில் ஹூக்கை மாட்டியவன், பெல்ட் அவனைப் பிடிப்பதற்கு முன்பே தரையைத் தொட்டுவிடுவான். தலைக்கு மேலே மாட்டுவதும், தாழ்ந்த தளங்களில் கைப்பிடித் தடுப்பு அமைப்பதுமே சரியான வழிகள். விழுந்து தொங்குபவரைத் தாமதமின்றி இறக்குவதற்கான ஏற்பாடும் முன்கூட்டியே இருக்க வேண்டும். அசைவின்றித் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கிப் பிராணாபாயம் நேரும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி கல்தூசி. டைல்ஸையும் கிரானைட்டையும் கட்டிங் மெஷினில் உலர்வாக அறுக்கும்போது எழும் புகைபோன்ற தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாகி, சிலிகோசிஸ் என்னும், குணப்படுத்தும் சிகிச்சை இல்லாத வியாதியைத் தருகிறது. மூக்கில் கட்டும் துண்டு நுண்ணிய தூசியைத் தடுக்காது. என்-95 முகமூடி 0.3 மைக்ரான் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தடுத்தாலும், கன்னத்தோடு ஒட்டாமல் தாடி இடைமறித்தால் பக்கவாட்டில் காற்று நுழைந்துவிடும். அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றினால் தூசியே எழுவது பெரிதும் குறையும். முகமூடி அதற்கு அடுத்த படி. ஈரச் சிமெண்டின் காரத்தில் கைவிரல்களும் கால் இடுக்குகளும் வெந்து, மாலையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளும் கொத்தனார்களுக்கு ரப்பர்க் கையுறையும் கம்பூட்டும் போதும்.

கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்கள் என்று தொழிலாளிகள்மேல் பழி சொல்வது எளிது. சித்திரை வெயிலில் வியர்வை வழிய, அளவு பொருந்தாத தொப்பியோடு, சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குபவன் அவசரப்படுவதில் வியப்பில்லை. அளவெடுத்துத் தேர்ந்த சாதனமும், அடிக்கடி ஓய்வும் குடிநீரும், நாட்கூலியில் குறையாத ஏற்பாடும் கொடுத்துவிட்டுப் பிறகு கண்டிப்புக் காட்டுவதே நியாயம்.

சாதனங்களுக்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், ஒருவர் தாம் குடியிருக்கப் பத்து லட்ச ரூபாய்க்குள் கட்டும் வீடுகளையும் விலக்கி வைத்தது. 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அந்தத் தொகையை ஐம்பது லட்சமாக உயர்த்தியிருக்கிறது. ஆகவே நம் தெருக்களில் எழும் எத்தனையோ வீடுகளின் சாரத்தில் நிற்பவருக்கு வீட்டுக்காரரின் மனச்சாட்சியே காவல். வீடு கட்டப் புறப்படும் ஒவ்வொருவரும், மேஸ்திரியோடு எழுதும் ஒப்பந்தத்தில், சாரத்துக்குக் கைப்பிடித் தடுப்பு, எல்லோருக்கும் ஹெல்மெட், உயரத்தில் நிற்பவருக்கு முழுவுடல் பெல்ட் ஆகியவற்றின் செலவைத் தனி வரியாக எழுதி, அந்தப் பணத்தைத் தாமே கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.