திரையில் என்ன இருக்கிறது?

சினிமா வகுப்பறை – 12

நொடிக்கு 25 ஃப்ரேம். இரண்டு நிமிடத்துக்கு 3,000 ஃப்ரேம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு பருவம் முழுக்க அலைந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, கடைசியில் மேசைமேல் கொண்டுவந்து வைப்பது இந்த 3,000 ஃப்ரேம்களைத்தான்.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு குறிப்பு. கேம்பிரிட்ஜ் ஏஎஸ் நிலை ஊடகவியல் பாடத்தில் செய்முறைப் பணியாக மாணவர்கள் தேர்ந்துகொள்ளக்கூடியவற்றில் ஒன்று, படத் தொடக்கம். புதிய கற்பனைப் படம் ஒன்றின் டைட்டிலையும் ஆரம்பக் காட்சியையும் எடுத்துத் தர வேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதிப் படம் எங்கும் இருக்காது, யாரும் அதை எடுக்கப்போவதும் இல்லை. ஆனால் பார்ப்பவருக்கு அப்படியொரு படம் இருக்கிறது, அது எந்தத் திசையில் போகும் என்று தெரிய வேண்டும். குறும்படம் எடுப்பதைவிட இது கடினம் என்பது என் எண்ணம். குறும்படத்தில் முடிவு வந்து பல ஓட்டைகளை அடைத்துவிடும். இங்கே அந்த உதவி கிடையாது.

போன வாரம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் நடந்த படப்பிடிப்போடு நிறுத்தியிருந்தேன். டியூஷன் முடிந்து இரவில் தனியாக வரும் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் யாரோ நடக்கும் சத்தம், திறக்க மறுக்கும் லிஃப்ட். இதுதான் கதை. எடிட்டும் முடிந்துவிட்டது. முடிந்ததா என்று தீர்மானிப்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

முதலில் டைட்டில். பெரும்பாலான குழுக்கள் இதைக் கடைசி நாள் வேலையாக ஒதுக்கிவைக்கின்றன. அதனால்தான் பெயர்கள் காட்சிக்கு மேலே சம்பந்தமில்லாமல் மிதக்கின்றன. இவர்களுக்கு டேவிட் ஃபின்சரின் 'செவன்' (1995) படத்தின் டைட்டிலை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை, ஒலியோடு ஒருமுறை போட்டுக் காட்டினேன். கைல் கூப்பர் உருவாக்கியது. கிறுக்கிய எழுத்துகள், குறிப்பேடு தைக்கும் விரல்கள், வெட்டி ஒட்டிய படங்கள். கொலைகாரனின் முகம் தெரிவதற்கு வெகு நேரம் முன்பே அவன் புத்தி எப்படி வேலை செய்கிறது என்பது நமக்குள் ஏறிவிடுகிறது. அதில் இன்னொரு முடிவும் ஒளிந்திருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்த கெவின் ஸ்பேசியின் பெயர் தொடக்க டைட்டிலில் வராது. பெயரைப் பார்த்துவிட்டால், அவர் எப்போது வருவார் என்று பார்வையாளர் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்.

இதைக் கேட்டதும் எடிட் செய்த பெண் தன் டைம்லைனைத் திறந்து, துரத்துபவனாக நடித்த வகுப்புத் தோழனின் பெயரை எடுத்துவிட்டாள். அவன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டான். பிறகு, "கடைசி டைட்டிலில் பெரிசா போடுங்க" என்று ஒத்துக்கொண்டான். அந்தப் படத்துக்குக் கடைசி டைட்டில் என்று ஒன்று வரவே வராது என்பது அவனுக்கும் தெரியும்.

அடுத்தது ஒலி. மாணவர் படங்களை நல்லதா, சுமாரா என்று பிரிப்பது பெரும்பாலும் ஒலிதான். கண் பல குறைகளை மன்னித்துவிடும், காது மன்னிக்காது. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் இரைச்சல் இருந்தது. ஷாட்டுக்கு ஷாட் அதன் அளவு மாறியது. வெட்டு விழும் இடமெல்லாம் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்தது. நல்ல வேளையாக, படப்பிடிப்பு அன்று யாரும் பேசாமல் அசையாமல் நின்று அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ரூம் டோன் என்று சொல்லும் அந்தப் பதிவைக் காட்சி முழுக்க அடியில் விரித்ததும் வெட்டுகள் மறைந்தன. காலடிச் சத்தத்தைப் பள்ளி மாடிப்படியில் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். ஹெட்ஃபோனில் மிரட்டிய அந்தச் சத்தம் வகுப்பறை ஸ்பீக்கரில் காணாமலே போனது. மறுபடி கலவை. வேலை முடிந்தது என்று சொல்வதற்கு முன் குறைந்தது இரண்டு விதமான ஸ்பீக்கரில் கேட்டுவிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எக்ஸ்போர்ட் ஆனது. கைதட்டினார்கள். மறுநாள் இரண்டாவது பாதி ஆரம்பித்தது. அதை யாரும் விரும்புவதில்லை. எனக்கு அதுதான் பிரியமான பகுதி.

எடுத்த படத்தைப் பற்றி அவர்களே விமர்சனமாக யோசித்துச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் நான்கு கேள்விகள் கேட்கிறது. படம் அதன் வகைக்குரிய மரபுகளை எப்படிக் கையாள்கிறது, எங்கே மீறுகிறது, சமூகத்தின் எந்தப் பிரிவினரை எப்படிக் காட்டுகிறது? பார்வையாளரை எப்படி ஈர்க்கிறது, உண்மையான படமாக இருந்தால் எப்படி வெளியாகும்? இந்தப் பணியின் போக்கில் உங்கள் திறமை எப்படி வளர்ந்தது? தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தினீர்கள்? பதிலைக் கட்டுரையாகத் தராமல் குரல் விளக்கம், காணொளி போன்ற மின்வடிவில் தர வேண்டும்.

முதல் வரைவு வந்தபோது அதில் ஒரு வாக்கியம் இருந்தது: "எங்கள் நாயகி துணிச்சலான பெண்." எத்தனையாவது நொடியில் என்று கேட்டேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தை மறுபடி ஓடவிட்டு, அவள் வரும் ஒவ்வொரு ஷாட்டையும் தாளில் எழுதச் சொன்னேன். செருப்புக் கால். முதுகு. சாவிக்கொத்தைப் பிடித்த கை. மறுபடி முதுகு, இந்த முறை துரத்துபவன் நிற்கும் இடத்திலிருந்து. ஒரு நிமிடம் தாண்டித்தான் முகமே வருகிறது. வரும்போது பயந்து உறைந்த முகமாக வருகிறது.

"ஆனா மிஸ், அவ திரும்பி நின்னு லைட்டைப் போடுவா, அவனை நேராப் பார்ப்பா. எடுத்தோமே!" என்றாள் இயக்குநர்.

எடுத்தது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். ஐந்தாவது டேக் மிக நன்றாக வந்திருந்தது. ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் அடக்கும்போது வெட்டிவிட்டார்கள். இருட்டிலேயே முடித்தால் விறுவிறுப்பாக இருக்கும் என்று அப்போது எல்லோருக்கும் தோன்றியது. அவளுடைய துணிச்சல் முழுவதும் அந்த ஒரு ஷாட்டில் இருந்தது. அது இப்போது ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஓரத்தில் கிடக்கிறது. திரையில் மிஞ்சியிருப்பது வேட்டையாடப்படும் ஒரு பெண். அவளை நாம் பார்ப்பதும் வேட்டையாடுபவனின் கண்ணால்தான்.

ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) தொடக்கத்தை இவர்கள் பலமுறை பார்த்தவர்கள். அங்கேயும் நாம் கொலைகாரனின் கண்ணுக்குள் உட்கார்ந்துதான் அந்த வீட்டுக்குள் நுழைகிறோம், முகமூடி போட்ட பிறகு இரண்டு ஓட்டை வழியாகப் பார்க்கிறோம். ஆனால் அந்தக் காட்சி முடியும்போது முகமூடி கழற்றப்படுகிறது. கத்தியோடு நிற்பவன் ஆறு வயதுச் சிறுவன். யாருடைய பார்வையில் இவ்வளவு நேரம் இருந்தோம் என்று படம் நம்மிடம் சொல்லிவிடுகிறது. இவர்கள் அந்தப் பார்வையைக் கடன் வாங்கினார்கள், அது யாருடையது என்ற கேள்வியை விட்டுவிட்டார்கள். மரபைப் பின்பற்றுவது என்றால் என்ன என்று நான் நடத்திய வகுப்புகள் புரியவைக்காததை அந்த ஷாட் பட்டியல் புரியவைத்தது.

உடனே, "திரும்பத் திறந்து அந்த ஷாட்டைச் சேர்த்துடலாமா?" என்று கேட்டார்கள். கூடாது என்றேன். சமர்ப்பிக்க நேரம் இருந்தது. ஆனாலும் கூடாது. படத்தைத் திருத்திவிட்டால், என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டிய தேவையே போய்விடும். திருத்திய படத்தைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இதில் என்னோடு மாறுபடும் ஆசிரியர்கள் உண்டு. மதிப்பெண் பிள்ளைகளுடையது, உங்கள் கொள்கைக்காக அதைப் பணயம் வைக்கலாமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் பதில் ஒன்றுதான். அந்தப் படத்தை அவர்கள் மனமறிந்து முடித்தார்கள். முடித்ததற்குப் பொறுப்பேற்பது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் வாழ்க்கையில் அவர்களுக்குக் கிடைக்காது.

அன்று ஆர்சன் வெல்ஸைப் பற்றிச் சொன்னேன். 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தின் முதல் ஷாட் மூன்று நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் ஓடும். ஒரு கை வெடிகுண்டில் நேரத்தைத் திருப்பி வைக்கிறது. குண்டு ஒரு காரின் டிக்கிக்குள் போகிறது. கார் எல்லை ஊரின் தெருக்களில் ஊர்கிறது, கேமரா கூடவே மிதக்கிறது, நடந்து போகும் புதுமணத் தம்பதி காருக்கு முன்னும் பின்னுமாக வந்து வந்து போகிறார்கள். யுனிவர்சல் ஸ்டுடியோ படத்தை வெல்ஸின் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, வேறொருவரை வைத்துச் சில காட்சிகள் எடுத்துச் சேர்த்தது. ஸ்டுடியோவின் வடிவத்தை 1957 டிசம்பரில் பார்த்த வெல்ஸ், 58 பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அதில் பெரும்பகுதி புலம்பல் அல்ல. இந்த இடத்தில் இந்த ஒலி, இந்த வெட்டு இதற்கு முன்னால், காரணம் இது என்று காட்சி காட்சியாகப் போகிறது. முதல் ஷாட்டின் மேல் பெயர்களை ஓட்ட வேண்டாம், பின்னணி இசைக்குப் பதிலாகக் கேமரா கடந்து போகும் விடுதிகளிலிருந்து வரும் வெவ்வேறு பாட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கேட்கட்டும் என்பது அவர் ஆசை. படம் வெளியானபோது அந்த ஷாட்டின் மேல் பெயர்களும் ஓடின, ஹென்றி மான்சினியின் இசையும் ஒலித்தது. வெல்ஸ் 1985இல் இறந்துவிட்டார். 1998இல் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வழிகாட்டியாக வைத்துப் படத்தை மறுபடி தொகுத்தார்.

இரண்டு தொடக்கங்களையும் அடுத்தடுத்துப் போட்டேன். ஷாட் ஒன்றுதான். முதலாவதில் நாம் ஒரு திரில்லர் பார்க்க உட்கார்ந்திருக்கிறோம். இரண்டாவதில் அந்தத் தெருவுக்குள்ளேயே நிற்கிறோம், கார் ரேடியோவின் பாட்டு நெருங்கும்போது குண்டும் நெருங்குகிறது. கேமரா பிடித்த பையன், "58 பக்கமும் கோபமா எழுதியிருந்தா யாரும் திரும்ப எடுத்துப் பார்த்திருக்க மாட்டாங்க இல்ல மிஸ்?" என்றான். அவனாகச் சொன்னது அது.

விநியோகம் பற்றிய கேள்விக்கு எல்லாக் குழுக்களையும்போல் இவர்களும் நெட்ஃபிளிக்ஸ் என்று எழுதியிருந்தார்கள். முகம் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்த சின்னப் படம் எந்த வழியாக உலகத்துக்கு வருகிறது என்று தேடிப் பார்க்கச் சொன்னதும், பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய கதைக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு இன்னொரு முடிச்சு. தங்கள் படம் 15 முதல் 20 வயதுக்காரர்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். தணிக்கையில் அதற்கு 'ஏ' கிடைத்தால், அந்த வயதினரில் பாதிப் பேர் தியேட்டருக்குள்ளேயே நுழைய முடியாது. 2024 முதல் யு/ஏ சான்றிதழே 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிந்திருக்கிறது. 16க்குள் நிற்க வேண்டுமானால் கதையில் எதைக் காட்டலாம், எதை ஒலியாலேயே உணர்த்தலாம் என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

தொழில்நுட்பக் கேள்விக்கு மென்பொருள்களின் பெயரைப் பட்டியல் போடுவது வழக்கமான பதில். அதையும் நான் ஏற்பதில்லை. முதல் நாள் எடுத்த ஷாட்களில் டியூப் லைட்டின் ஒளி அலைஅலையாகத் துடித்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்கிறது. கேமராவின் ஷட்டர் 60இல் ஒரு பங்கு நொடியில் இருந்தது. 50இல் ஒரு பங்குக்கு மாற்றியதும் துடிப்பு நின்றது. பையன் இதைத் தன் குரலில், பழைய ஷாட்டையும் புதிய ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாற்பது நொடிக்குள் விளக்கினான். அவர்கள் தந்ததில் மிக நேர்த்தியான பகுதி அது.

துணிச்சலான பெண் என்ற வாக்கியம் போய்விட்டது. அந்த இடத்தில் இயக்குநரின் குரல் வருகிறது. வெட்டப்பட்ட ஷாட்டைக் காட்டிவிட்டு, இதை நாங்கள் வேகத்துக்காக வெட்டினோம், வெட்டியதால் எங்கள் நாயகி இரையாகிவிட்டாள், அவளைப் பற்றி நாங்கள் சொல்ல நினைத்ததும் படம் சொல்வதும் இப்போது எதிரெதிராக இருக்கின்றன என்று நிதானமாகச் சொல்கிறாள். அதைப் பதிவு செய்யும்போது ஒருமுறைகூட "நேரம் இல்லாததால்" என்று சொல்லவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் அந்த ஷாட்டுக்கு நேரம் உண்மையிலேயே இல்லைதான்.

இரண்டாம் ஆண்டுப் பணிக்கு இந்தக் குழுவில் மூன்று பேர் குறும்படத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். எடிட் செய்த பெண் ஆவணப்படம் பக்கம் போகிறாள். மூவரும் எழுதிவரும் கதைக்கு இப்போதே இரண்டு முடிவுகள் இருக்கின்றன, எது என்பதில் சண்டையும் இருக்கிறது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.