பரணில் கிடைத்த பழைய துப்பாக்கி: முத்திரை இல்லாவிட்டால் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ஓட்டு வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து துருப்பிடித்த துப்பாக்கி ஒன்று விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழல் மெல்லியது. பெயர், எண், முத்திரை எதுவும் இல்லை. மல்லசமுத்திரம், சங்ககிரி பக்கம் என்றால், "இது திப்பு காலத்தது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். 1792 உடன்படிக்கை வரை சேலம் வட்டாரம் திப்பு சுல்தான் வசம் இருந்ததால், அது முழுக்கக் கட்டுக்கதை என்றும் ஒதுக்க முடியாது.

ஆனால் அது உண்மையிலேயே பழம்பொருளா, சமீபத்திய நாட்டுத் துப்பாக்கியா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த கட்டம் இருக்கிறது. ஒன்று அருங்காட்சியகம் வரை போகலாம்; இன்னொன்று வழக்கில் கொண்டுபோய் விடலாம்.

முதலில் என்ன செய்யக் கூடாது?

குழலை யாரையும் நோக்கித் திருப்பாதீர்கள். வாய்வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கிகளில் பழைய கருமருந்து அப்படியே இருக்கலாம். ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் வெடிக்கும். எண்ணெய், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். துருவோடு சேர்ந்து அடையாளமும் போய்விடும்.

முத்திரை நிஜமாகவே இல்லையா?

ஐரோப்பிய துப்பாக்கிகளில் குழலைச் சோதித்ததற்கான முத்திரை இருக்கும். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் உருவானது. இந்த முத்திரைகள் பெரும்பாலும் குழலின் அடிப்பக்கத்தில், மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும். எனவே நிபுணர் கட்டையைக் கழற்றிப் பார்க்கும் வரை 'முத்திரை இல்லை' என்று முடிவு கட்ட முடியாது. திப்புவின் பட்டறைத் துப்பாக்கிகளில் புலிவரி அலங்காரம் இருக்கும். கிழக்கிந்திய கம்பெனியின் பழைய துப்பாக்கிகளில் இதய வடிவ முத்திரை இருக்கும். கட்டைக்கு அடியிலும் ஒன்றுமே இல்லை என்றால், உள்ளூர் கொல்லர் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெடிக்கும் முறை என்ன சொல்லும்?

திரியால் பற்றவைப்பது பழைய முறை. அடுத்து சக்கிமுக்கிக் கல் வந்தது. 19-ம் நூற்றாண்டில் சுத்தியல் தட்டினால் வெடிக்கும் 'கேப்' வந்தது. 1845-ல் பிரான்ஸின் ஃப்ளோபேர், 6 மி.மீ. தோட்டா போடும் சிறு துப்பாக்கியை உருவாக்கினார்.

சிக்கல் இதுதான்: இந்தியாவில் திரித் துப்பாக்கி 19-ம் நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்தது. கேப் வகையை நாட்டுத் துப்பாக்கி செய்பவர்கள் பிற்காலத்திலும் செய்தார்கள். அதனால் பழைய வடிவம் என்பதாலேயே பழைய பொருள் ஆகிவிடாது. குழல் அகலமும் உதவும், ஆனால் அதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

வயதைக் காட்டிக்கொடுப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். கையால் அராவிய திருகாணியா, இயந்திரத்தில் வெட்டியதா? குழல் அடித்து உருவாக்கியதா, தண்ணீர்க் குழாயா? மின்சார வெல்டிங் தடம் இருந்தால், அந்தப் பகுதியாவது பிற்காலத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959-ன்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவை. பழம்பொருள் மதிப்புள்ளதோ, வழக்கொழிந்ததோ, பழுதானதோ ஆக இருந்து, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் பிரிவு 45-ல் விலக்கு உண்டு. 'தாத்தா காலத்தது' என்பது மட்டும் விலக்கு ஆகாது. உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை.

மண்ணில் புதைந்து கிடைத்திருந்தால், 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கலாம். 100 ஆண்டுகளைத் தாண்டிய தொல்பொருள் என்றால், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

சரி, என்னதான் செய்யணும்?

கிடந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் விலை கேட்காதீர்கள். உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, தேதியோடு எழுத்துபூர்வ ஒப்புகை வாங்குங்கள். 'பழம்பொருளாக இருக்கலாம், அழித்துவிடாமல் தொல்லியல் துறையின் அல்லது அருங்காட்சியகத்தின் கருத்தைக் கேளுங்கள்' என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களின் தொகுப்பே இருக்கிறது. அந்த ஒரு வரி மனுவில் இல்லாவிட்டால், நல்ல பழம்பொருளும் பறிமுதல் இரும்போடு சேர்ந்து போய்விடலாம்.